தரப்பட்ட பகுதியின் முன் அமர்தல்: அன்றாட நற்செய்திச் சிந்தனை பற்றி ஓர் எளிய விளக்கம்

புத்தாண்டு இரவு வழிபாடு முடிந்ததும் நம் கோவில்கள் பலவற்றில் ஒரு தட்டு நிறையச் சிறு அட்டைகள் வைத்திருப்பார்கள். வரிசையாக வந்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் இருக்கும் வசனமே அந்த ஆண்டு முழுவதற்குமான வாக்குத்தத்தம். அதை வீட்டு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, நெருக்கடியான நாள்களில் பார்த்துத் தெம்பு பெறுகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு செல்வரிடம் சொன்னதை அச்சிட்ட அட்டையை நான் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுத்தவர் எவரையும் சந்தித்ததும் இல்லை. அட்டைகள் அச்சாகும்போதே ஆறுதலான வசனங்களை யாரோ நமக்காகப் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். விவிலியத்தைத் தனியாகத் திறக்கும்போது நாமும் பெரும்பாலும் அதையேதான் செய்கிறோம்: பழகிய பக்கம், அடிக்கோடிட்ட வரி, மனத்துக்கு இதமான திருப்பாடல்.

அன்றாட நற்செய்திச் சிந்தனை இதற்கு நேர்மாறான பழக்கம். ஒவ்வொரு நாளும் இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு சிறு பகுதி நமக்குத் தரப்படுகிறது. அதை மெதுவாக வாசித்து, அது நம்மிடம் என்ன கேட்கிறது என்று கவனித்து, அதற்கு இறைவனிடமே பதில் சொல்லி, பிறகு அன்றைய வேலைக்குப் போகிறோம். இதற்கு இறையியல் படிப்பு தேவையில்லை. கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமும், கையில் ஒரு புதிய ஏற்பாடும், பகுதியை நாமே தேர்ந்தெடுக்க மாட்டோம் என்ற ஒரு சிறு உறுதியும் போதும். கடைசியாகச் சொன்ன அந்த உறுதிதான் இந்தப் பழக்கத்தின் உயிர் என்பது என் எண்ணம். பல விளக்க நூல்கள் அதை ஒரு வரியில் கடந்துபோவதால், இக்கட்டுரையில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கத்தோலிக்க மரபில் வளர்ந்தவன் என்பதால் செபம், நற்செய்தி, திருப்பலி என்று எழுதுகிறேன். ஜெபம், சுவிசேஷம், ஆராதனை என்று சொல்லிப் பழகியவர்கள் தங்கள் சொற்களை இட்டு வாசித்துக்கொள்ளலாம். உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

பகுதியைத் தருவது யார்?

கத்தோலிக்க ஆயர்கள் உலகெங்குமிருந்து கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, ஞாயிறு திருப்பலியின் நற்செய்தி வாசகங்கள் ஓராண்டுச் சுழற்சியில் அமைந்திருந்தன. ஆண்டு மாறினாலும் வாசகங்கள் மாறுவதில்லை. விவிலியத்தின் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடப்பட வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டதைத் தொடர்ந்து, 1969-இல் புதிய வாசக ஒழுங்கு வெளியானது. அதன்படி ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவானுக்கென்று தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் அதிகமாக வருகிறார். மாற்கு சிறிய நூலாக இருப்பதால், மாற்கு ஆண்டின் நடுவே ஐந்து ஞாயிறுகளில் யோவானின் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. இப்போது எந்த ஆண்டு நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு: மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டு லூக்காவின் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது, ஆகவே 2026 மத்தேயுவுக்கும் 2027 மாற்குவுக்கும் உரியவை. திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய திருவருகைக்காலத்தின் (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் வாரங்கள்) முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வாரநாள்களுக்கு இன்னும் எளிய ஒழுங்கு. பொதுக்காலத்தின் (பெருவிழாக் காலங்களுக்கு வெளியே உள்ள வாரங்கள்) முதல் ஒன்பது வாரங்களில் மாற்கு, பத்தாம் வாரம் முதல் இருபத்தொன்றாம் வாரம் வரை மத்தேயு, அதன்பின் முப்பத்து நான்காம் வாரம் வரை லூக்கா என்று வரிசையாக வாசிக்கப்படுகின்றன. முதல் வாசகம் இரண்டாண்டுச் சுழற்சியில் மாறினாலும், வாரநாள் நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் அதேதான். பங்குகளில் விற்கும் திருவழிபாட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியின் கீழும் வாசக எண்கள் அச்சாகியிருக்கும். அந்த எண்களைப் பார்த்துத் திருவிவிலியத்தைத் திறந்தால் போதும்.

உலகின் எத்தனையோ நாடுகளில் அதே நாளில் அதே பகுதி வாசிக்கப்படுகிறது என்பது அழகான எண்ணம்தான். ஆனால் தொடங்குபவருக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று: அந்தப் பகுதி நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அலுவலகத்தில் ஒருவரோடு சண்டை போட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், பீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற பகுதி வந்து நிற்கும். நாமே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கத்தை நிச்சயம் திறந்திருக்க மாட்டோம்.

இதே உணர்வு மற்ற திருச்சபைகளிலும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1731 முதல் அச்சிட்டுவரும் அன்றாட வசன நூலுக்கு, பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். வாசிப்பவரின் விருப்பத்துக்கு அங்கும் இடமில்லை.

தேடாமல் கிடைத்த வாசகம்

இந்தக் கருத்துக்குத் திருச்சபை வரலாற்றில் மூன்று பேரைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

முதலாமவர் எகிப்தின் புனித அந்தோணியார். இங்கே நாம் கொண்டாடும் பதுவை நகர் அந்தோணியார் அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து பாலைநிலத் துறவிகளின் தந்தை எனப் பெயர் பெற்றவர். பெற்றோர் இறந்து, தங்கையும் நிலபுலன்களும் தம் பொறுப்பில் வந்திருந்த இருபது வயதளவில், ஒருநாள் கோவிலுக்குள் நுழைகிறார். அந்த நேரத்தில் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் இயேசு செல்வரான இளைஞரிடம் பேசும் பகுதி வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு வெளியே போனவர், நிலத்தை ஊர் மக்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் கூறுகிறார். அட்டையில் அச்சாகாத அந்த வசனம்தான் துறவு வாழ்வின் வரலாற்றையே திருப்பிவிட்டது.

இரண்டாமவர் அசிசி பிரான்சிஸ். 1208-ஆம் ஆண்டளவில் அசிசிக்குக் கீழே போர்சியுங்குலா என்ற சிற்றாலயத்தில் திருப்பலியில் இருந்தபோது, இயேசு சீடர்களைப் பொன்னும் பையும் மிதியடியும் இல்லாமல் அனுப்பிய பகுதி வாசிக்கப்பட்டது. திருப்பலி முடிந்ததும் அவர் குருவிடம் போய், அதற்கு விளக்கம் கேட்டார். கேட்டு முடித்தவுடன் காலணியைக் கழற்றினார், கைத்தடியை விட்டார், தோல் வாருக்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அவர் காலணியைக் கழற்றியது எல்லாருக்கும் தெரியும்; அதற்கு முன் குருவிடம் விளக்கம் கேட்டதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். புரியாத பகுதியைத் தெரிந்தவரிடம் கேட்பதும் சிந்தனையில் சேர்ந்ததே.

மூன்றாமவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவருக்கு வீரதீரக் கதைகள் படிக்க ஆசை. வீட்டிலோ அப்படிப்பட்ட நூல் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றியும் புனிதர்களைப் பற்றியும் இருந்த நூல்களைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவற்றைப் புரட்டியவர், பிற்காலத்தில் ஓர் எளிய முறையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்: நற்செய்தி நிகழ்ச்சி நடக்கும் இடத்தை மனக்கண்ணால் பார்ப்பது. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் வழி எவ்வளவு நீளம், அகலம் என்ன, சமவெளியா, மேடுபள்ளமா என்றெல்லாம் அவர் கேட்கச் சொல்கிறார்.

மூவரில் ஒருவரும் அந்தப் பகுதியைத் தேடிப் போகவில்லை. அது அவர்களுக்குத் தரப்பட்டது.

நான்கு படிகள், ஒரு பார்வையற்றவர்

இனி முறைக்கு வருவோம். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், கர்த்தூசியன் துறவிகளின் மடத்துக்குத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ என்பவர், இறைவார்த்தையை வாசிப்பதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார்: வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். இலத்தீனில் இம்முறைக்கு லெக்சியோ திவினா என்று பெயர். தமிழில் இறைவாசிப்பு என்போம். கீகோ இதை உணவோடு ஒப்பிடுகிறார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, சிந்தனை அதை மெல்லுகிறது, செபம் சுவையை வெளிக்கொணர்கிறது, நான்காம் படியில் அந்தச் சுவையே எஞ்சுகிறது. இந்த ஒப்புமை தமிழருக்குப் புதிதல்ல. மாடு அசைபோடுவதையும் மனம் பழையதை நினைப்பதையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழி நம்முடையது.

படிகளைப் பொதுவாக விளக்குவதைவிட, ஒரு பகுதியை எடுத்துச் செய்து காட்டுவது நல்லது. மாற்கு 10:46 முதல் 52 வரை, பர்த்திமேயு என்ற பார்வையற்றவரின் நிகழ்ச்சி. ஏழே வசனங்கள். தொடர்ந்து வாசிக்கும் முன் திருவிவிலியத்தைத் திறந்து, அந்த ஏழையும் வாய்விட்டு ஒருமுறை வாசித்துவிடுங்கள். கண்ணால் மட்டும் மேயும்போது தெரிந்த கதை என்று மனம் தாண்டிப் போய்விடும்; வாய்விட்டுச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று போக வேண்டியிருக்கும். "இரவும் பகலும் சிந்திப்பவர்" என்று முதல் திருப்பாடல் சொல்லும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு, மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்ற பொருளும் உண்டு.

முதல் படியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே என்ன எழுதியிருக்கிறது? அறிவுரை, பாடம் எல்லாம் பிறகு. எரிகோவை விட்டு இயேசு வெளியேறுகிறார். சீடரும் பெருங்கூட்டமும் உடன் செல்கின்றனர். எரிகோ கடல்மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே இருக்கும் ஊர். அங்கிருந்து எருசலேமுக்குப் போகும் பாதை ஏறிக்கொண்டே இருக்கும். பாஸ்கா விழாவுக்குப் போகிறவர்களின் வழி அது. மாற்கு நூலின் அடுத்த அதிகாரமே எருசலேம் நுழைவோடு தொடங்குகிறது; அதாவது சிலுவைக்கு முந்தைய கடைசி நிறுத்தம் இந்த எரிகோ. வழியோரத்தில் ஒருவர் அமர்ந்து பிச்சையெடுக்கிறார். அவர் பெயரை மாற்கு மட்டுமே சொல்கிறார். லூக்கா பெயர் சொல்வதில்லை, மத்தேயுவில் இருவர் இருக்கிறார்கள். தாவீதின் மகனே, இரங்கும் என்று அவர் கத்துகிறார். கூட்டம் அதட்டுகிறது. அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். அவரைக் கூப்பிடுங்கள் என்கிறார். சற்றுமுன் அதட்டிய அதே கூட்டம் இப்போது, துணிவோடு எழுந்து வாரும் என்கிறது. அவர் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்து வருகிறார்.

இரண்டாம் படியில் ஏதாவது ஒரு சொல் நம்மைப் பிடித்து நிறுத்த இடம் கொடுக்கிறோம். எல்லாச் சொல்லும் பிடிக்காது. ஒன்று பிடித்தால் போதும். எனக்கு முதலில் பிடித்தது அந்த மேலுடை. பகலில் பிச்சைக்காரர் மடியில் விரித்துவைத்துக் காசு வாங்குவதும், இரவில் போர்த்திக்கொள்வதும் அதுவாகத்தான் இருக்கும். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, அவர் போர்த்துக்கொள்ள வேறொன்றும் இல்லை என்று விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரம் சட்டமே செய்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்வை கிடைப்பதற்கு முன்பே அவர் எறிந்துவிடுகிறார். குணமாகாமல் திரும்பி வர நேர்ந்திருந்தால், அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் அதைத் தடவித் தேடிக் கண்டெடுத்திருக்க முடியாது.

சில ஆண்டுகள் கழித்து வேறொன்று பிடித்தது. தம் முன் வந்து நிற்பவரிடம் இயேசு, உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என விரும்புகிறீர் என்று கேட்கிறார். பார்வையற்றவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றும். அதிகாரத்தைச் சற்று மேலே தள்ளிப் பாருங்கள். அதே 10-ஆம் அதிகாரத்தின் 36-ஆம் வசனத்தில், யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். உமது அரியணையின் வலப்புறமும் இடப்புறமும் அமர வேண்டும் என்பது அவர்களுடைய பதில். கண் தெரிந்த சீடர்கள் பதவி கேட்கிறார்கள். கண் தெரியாதவர் பார்வை கேட்கிறார். ரபூனி (போதகரே) என்று அவர் இயேசுவை அழைக்கும் சொல், புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: உயிர்த்த காலையில் கல்லறையருகே மகதலா மரியாவின் வாயில். மாற்கு ஆண்டில் திருச்சபை இந்த இரண்டு பகுதிகளையும் பொதுக்காலம் 29-ஆம், 30-ஆம் ஞாயிறுகளில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. வாராவாரம் கோவிலுக்கு வந்தும், இரண்டு ஞாயிறுகளிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி என்பதை நான் வெகுகாலம் கவனித்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு துணைச் செய்தி. விவிலிய வசன எண்கள் நற்செய்தியாளர்கள் இட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை இராபர்ட் எஸ்டியன் என்ற பிரெஞ்சு அச்சாளர் 1551-இல்தான் கொடுத்தார். அதுவரை மக்கள் நிகழ்ச்சிகளாகவும் உரைகளாகவும்தான் நற்செய்தியை அறிந்திருந்தார்கள். ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுத்து அசைபோடுவதைவிட ஒரு நிகழ்ச்சியை முழுமையாக எடுத்துக்கொள்வது ஏன் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 36-ஆம் வசனத்தைப் பார்க்காமல் 51-ஆம் வசனத்தின் எடை தெரியாது.

மூன்றாம் படி செபம். பகுதி கேட்ட கேள்விக்கு இப்போது நாம் பதில் சொல்கிறோம். உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் காலையில் என்னைக் கேட்டால் என் பதில் என்ன? அழகான சொற்றொடர்கள் வேண்டாம். மனப்பாடச் செபமும் சற்று நேரம் காத்திருக்கட்டும். பதவி வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை என்றால் அதையே சொல்லலாம்; யாக்கோபும் யோவானும் சொன்னார்களே, அதற்காக இயேசு அவர்களைத் துரத்திவிடவில்லை. செபிக்கும்போது நாம் இறைவனோடு பேசுகிறோம், மறைநூலை வாசிக்கும்போது அவர் பேசுவதைக் கேட்கிறோம் என்ற புனித அம்புரோசியாரின் கருத்தை, 1965-இல் வெளியான, இறை வெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு எடுத்தாள்கிறது. மறைநூலை அறியாதிருப்பது கிறிஸ்துவை அறியாதிருப்பதே என்ற புனித எரோணிமுவின் புகழ்பெற்ற கூற்றும் அதே பத்தியில்தான் இருக்கிறது.

நான்காம் படியைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. பேசி முடித்தபின் இரண்டு நிமிடம் சும்மா இருப்பது. அதற்குமேல் அதில் நம் பங்கு எதுவும் இல்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் எழுதிய இறைவார்த்தை பற்றிய மடலில், இந்த நான்கும் செயலில் முடியாவிட்டால் முறை நிறைவு பெறாது என்கிறார். பர்த்திமேயு தொடக்கத்தில் வழியோரம் உட்கார்ந்திருந்தார். கடைசி வசனத்தில் அதே வழியில் இயேசுவின் பின்னால் நடந்துபோகிறார். அன்றைய நாளுக்கு ஒரு சிறு செயல், அதுவும் மாலைக்குள் செய்துமுடிக்கக்கூடியது, போதும். "அன்பாக இருப்பேன்" என்று முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. "மதியம் சாப்பிடும்போது கைப்பேசியை எடுக்காமல் அம்மா சொல்வதைக் கேட்பேன்" என்றால் நடந்ததா இல்லையா என்று இரவில் தெரிந்துவிடும்.

தொடங்கியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

முதல் வாரம் ஆர்வமாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் விட்டுப்போகும். விட்டதைச் சேர்த்து மறுநாள் இரண்டாக வாசிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். மூன்று நாள் விட்டபின் நான்கு பகுதிகளை ஒரே மூச்சில் வாசிப்பது பாக்கி அடைப்பதாகிவிடும், அதோடு பழக்கமும் நின்றுவிடும். விட்டது விட்டதுதான், இன்றைக்குத் தரப்பட்டது இன்றைக்கு.

அதைவிட ஆபத்தான தடுக்கல் ஒன்று உண்டு, அது பக்தியுள்ளவர்களையே அதிகம் பிடிக்கும்: வாசித்தவுடன் "இது இன்னாருக்கு நன்றாகப் பொருந்தும்" என்று தோன்றுவது. பரிசேயரைப் பற்றிய பகுதிகளில் இது தவறாமல் நடக்கும். என் கண்ணில் மரக்கட்டை என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டாரின் துரும்பு நினைவுக்கு வரும். அப்படி யாருடைய முகமாவது வந்து நின்றால், அந்த முகத்தின் இடத்தில் நம் முகத்தை வைத்து இன்னொருமுறை வாசிக்க வேண்டும். வீட்டுக் குழுவில் அந்தப் பகுதியை அவருக்கு அனுப்பிவைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. சிலர் எந்தப் பகுதியை வாசித்தாலும் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார்கள். நற்செய்தி என்ற சொல்லே நல்ல செய்தி என்றுதானே பொருள்படுகிறது. நாள்தோறும் வாசித்து நாள்தோறும் நொந்துபோனால், வாசிக்கும் விதத்தைப் பங்குத்தந்தையிடமோ அனுபவமுள்ள ஒருவரிடமோ பேசிப் பார்க்க வேண்டும். அத்தி மரத்தைச் சபித்தது, தந்தையையும் தாயையும் வெறுத்தாலன்றி என் சீடராக முடியாது என்றது போன்ற கடினமான பகுதிகளுக்கும் இது பொருந்தும். திருவிவிலியத்தின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள், மறையுரையைக் கேளுங்கள், அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) எழுப்பிக் கேளுங்கள். தனியாக உட்கார்ந்து புதுப் பொருள் கண்டுபிடிப்பது நம் வேலை அல்ல.

வறட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எந்தச் சொல்லும் பிடிக்காது. பதினைந்து நிமிடமும் அன்றைய மின்கட்டணம், பிள்ளையின் தேர்வு என்று ஓடிப்போகும். அப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, உட்கார்ந்திருங்கள் என்பதுதான். வேண்டுமானால் மின்கட்டணத்தைப் பற்றியே செபிக்கலாம். பர்த்திமேயுவும் இயேசு வருவதற்கு முன் எத்தனையோ நாள் அதே வழியோரத்தில் உட்கார்ந்திருந்தவர்தான்.

திருவழிபாட்டு நாள்காட்டி கைக்குக் கிடைக்காதவர்கள், அல்லது நற்செய்தியை இதுவரை முழுதாக வாசித்திராதவர்கள், மாற்குவிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகலாம். பதினாறே அதிகாரங்கள், நான்கிலும் சிறியது அதுதான். நிகழ்ச்சிகள் விறுவிறுவென நகரும். நான்கு நூல்களுக்கும் சேர்த்து 89 அதிகாரங்கள் வருகின்றன. வரிசையாகப் போவதிலும் நாம் தேர்ந்தெடுப்பது எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்து, பிடிக்காத இடத்தைத் தாண்டாமல் போனால் சரி.

வளர்ச்சி எங்கே தெரியும்?

நம்பிக்கையில் வளர்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது தொடங்குபவர்கள் கேட்கும் கேள்வி. மாற்கு நற்செய்தியில் மட்டும் காணப்படும் ஒரு சிறு உவமை 4-ஆம் அதிகாரத்தின் 26 முதல் 29 வரையான வசனங்களில் இருக்கிறது. ஒருவர் விதைக்கிறார்; இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார்; விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவருக்குத் தெரியாது. முதலில் தளிர், பின்பு கதிர், அதன்பின் கதிர் நிறையத் தானியம். வயல்காரருக்கே தெரியாதபோது நாம் தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதில் பயன் இல்லை. வளர்ச்சி இருந்தால் அது பெரும்பாலும் நம்மோடு வாழ்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உரத்துக் கத்தும் இடத்தில் கத்தாமல் இருந்ததை மனைவியோ தம்பியோ கவனித்திருப்பார்கள்.

அன்னை மரியா நடந்தவற்றை உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதும் இடத்தில், கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ஒன்றோடொன்றைச் சேர்த்துவைத்தல். நமக்கு அதற்கு ஒரு நோட்டு உதவும். கோடு போட்ட சாதாரண நோட்டு. தேதி, பகுதியின் எண், ஒரே ஒரு வாக்கியம். ஒன்றுக்கு மேல் எழுதக் கூடாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி. ஏனென்றால் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து மகிழ்ந்து, பகுதியை மறந்துபோனேன்.

என் பழைய நோட்டில் 2021 அக்டோபர் 24-ஆம் தேதிக்குக் கீழே, மாற்கு 10:46-52 என்று எழுதி, "வீட்டுக் கடன் தீர வேண்டும்" என்று இருக்கிறது. உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஞாயிறு நான் சொன்ன பதில் அது. மூன்று ஆண்டுகள் சுற்றி, 2024 அக்டோபர் 27 அன்று அதே பகுதி ஞாயிறு வாசகமாக மறுபடியும் வந்தது. கடன் அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. நோட்டில் எழுதியிருப்பது: "அண்ணனிடம் முதலில் பேச வாய் வேண்டும்." அடுத்து அந்தப் பகுதி ஞாயிறு வாசகமாக 2027 அக்டோபர் 24-இல் வருகிறது.